தயையும் ஆயத்தமும்

பணியிடத்தில் ஒருவர் திடீரென நெஞ்சைப் பற்றிக்கொண்டு சரிகிறார். சூழ்ந்து நிற்போர் அனைவரின் உள்ளமும் உருகுகிறது. ஒருவர் தண்ணீர் தேடி ஓடுகிறார். மற்றொருவர் மேலாளரை அழைக்கிறார். இதயம் நின்றுவிட்டால் நான்கைந்து நிமிடங்களிலேயே மூளை சிதையத் தொடங்கும். அங்கே அன்புக்குக் குறைவில்லை. செய்வதறிந்த கைகள்தாம் இல்லை.

1884-ஆம் ஆண்டில் தட்சிணேசுவரத்தில் பகவான் ஸ்ரீராமகிருஷ்ணர், உயிர்களிடம் தயை காட்டுதல் என்ற எண்ணத்தையே மறுத்து, அவற்றைச் சிவமாகக் கண்டு சேவை செய்வதே தகும் என்று உணர்த்தினார். அதைக் கேட்டிருந்த நரேந்திரர் பின்னாளில் அதனையே தம் பணிக்கு அடிப்படையாக்கினார். தயை உணர்ச்சியளவில் நின்றுவிடலாம். வழிபாடு அப்படி நிற்க இயலாது. ஆராதனை மணி ஒலித்த பிறகு திரி தேடும் அர்ச்சகர் உண்டா? மலரும் நீரும் எண்ணெயும் முன்னரே எடுத்து வைக்கப்படுகின்றன. அந்த எடுத்துவைத்தலும் பூஜையைச் சேர்ந்ததே.

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் 150 தொழிலாளர்க்கு ஒன்றுக்குக் குறையாமல் முதலுதவிப் பெட்டி வைக்கச் சொன்னது. முதலுதவிச் சான்றிதழ் பெற்ற ஒருவர் வேலை நேரம் முழுவதும் அதற்குப் பொறுப்பாக இருக்கவேண்டும் என்றும் விதித்தது. பெட்டியை வாங்கிவிடலாம், பொறுப்பேற்பவர் கிடைப்பதுதான் அரிது. பெட்டியின் சாவி, விடுப்பில் சென்றவருடனேயே ஊருக்குப் போய்விடுவதும் உண்டு!

ஆயத்தமின்மையின் மிகக் கொடிய விலையைக் கழிவுநீர்த் தொட்டிகளில் காணலாம். நச்சுவாயுவால் ஒருவர் மயங்கி வீழ, அவரைக் காக்க இறங்கிய தோழரும் மாண்ட செய்திகள் இந்நாட்டில் மீண்டும் மீண்டும் வந்துள்ளன. அத்தோழரின் தியாகத்தைக் குறைத்துரைக்க எவருக்கும் தகுதியில்லை. ஆனால் காப்புச் சாதனமின்றி மனிதரை அப்பணியில் இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்த பின்னரும் அவரை அங்கே நிறுத்தியவர்கள், இறந்தபின் மாலை சாத்திக் கடமையைத் தீர்த்துக்கொள்ள முடியுமா?

மார்பின் நடுவே நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை, 5 செ.மீ.க்குக் குறையாமல் அமிழும்படி அழுத்தும் பயிற்சியை ஒரு பிற்பகலில் பெறலாம். 108 அல்லது 112-ஐ அழைப்பவர் யார், வாயிலில் நின்று ஆம்புலன்ஸுக்கு வழிகாட்டுபவர் யார் என்பதையும் அன்றே முடிவு செய்துவிடலாம். இவ்வளவு செய்தும் பலர் பிழைப்பதில்லை. கீதை போதிக்கும் பலன் கருதாமை இங்கே ஏட்டுத் தத்துவமாக இருப்பதில்லை. பிழைப்பாரா என்று கலங்கினால் எண்ணிக்கை தவறும். 30 அழுத்தம், 2 மூச்சு. பின்பு மீண்டும் ஒன்றிலிருந்து. உதவி வந்து வேறொருவர் கைமாற்றிக்கொள்ளும் வரை அவர் எண்ணிக்கொண்டே இருக்கவேண்டும்.