தெள்ளுப்பூச்சிக்காகவும் ஸ்தோத்திரம்!



"ஐயா, இந்தப் பாடுகளை எப்படி ஏத்துக்கிறது?" என்று ஜெபத்துக்கு வருகிறவர்கள் கேட்கும்போது, சகோதரி பெட்ஸி டென் பூமைப் பற்றி நான் சொல்லுவேன். நெதர்லாந்தில் யூதர்களை வீட்டில் ஒளித்து வைத்ததற்காக, 1944-ல் நாஜிகள் அவரையும் தங்கை கோரியையும் கைது செய்தார்கள். ராவன்ஸ்புரூக் முகாமில் படுக்கையெல்லாம் தெள்ளுப்பூச்சி! அதற்காகவும் ஆண்டவருக்கு நன்றி சொல்லுவோம் என்றார் பெட்ஸி. கோரிக்கு மனசு வரவில்லை. பிறகுதான் தெரிந்தது, அந்தப் பூச்சிக்குப் பயந்துதான் காவலாளிகள் உள்ளே வரவில்லை. வேதவாசிப்பும் ஜெபமும் தடையில்லாமல் நடந்தது. அல்லேலூயா!

கவனியுங்கள். பெட்ஸி அக்கிரமத்துக்குத் தலையாட்டவில்லை. அதை எதிர்த்ததால்தானே சிறைக்கே போனார்! தன்னால் மாற்ற முடியாத அந்த நாளோடுதான் அவர் மல்லுக்கட்டவில்லை. அந்த டிசம்பரில் முகாமிலேயே மரித்தார். ஆகவே, ஸ்தோத்திரம் சொன்னால் உடனே கதவு திறக்கும் என்று நான் பிரசங்கிக்க மாட்டேன்.

ஆனாலும் இன்று ராத்திரி, "ஏன் ஆண்டவரே?" என்கிற கேள்வியைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள். "இப்போ, இந்த நிமிஷம், என்னோடு இருக்கிறீரே, ஸ்தோத்திரம்" என்று அமர்ந்திருங்கள். பாரம் இருக்கும், சமாதானமும் கூடவே இருக்கும். ஆமென்!