ஆட்சி மாறினால் வாக்கும் மாறுமா?



செங்கல்பட்டு மாவட்டத்தில் வாழும் நமக்கு மாமல்லபுரம் வழியாகச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலை பழக்கமானது. அதைப் பராமரிக்கும் பொறுப்பைத் தமிழ்நாடு சாலை மேம்பாட்டு நிறுவனத்திடம் அரசு ஒப்பந்தத்தின் மூலம் ஒப்படைத்தது. 2002 முதல் அங்கே சுங்கம் வசூலாகிறது. அதன்பின் ஆட்சிகள் மாறின, ஒப்பந்தம் நிற்கிறது.

"போன ஆட்சி கொடுத்த வாக்கு எங்களுக்கு எதற்கு?" என்று புதிதாக வந்தவர் கேட்கலாமா?

பஹ்ரைனிலிருந்து நிதி வந்தால் தருவதாக ஜாபிர் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் வாக்களித்திருந்தார்கள். நிதி வருவதற்குள் நபியவர்கள் வஃபாத்தாகிவிட்டார்கள். பொறுப்பேற்ற அபூபக்கர் (ரலி) அவர்கள், நபியவர்களிடம் வாக்கு பெற்றவர்களும் கடன் வரவேண்டியவர்களும் வரலாம் என அறிவிக்கச் செய்தார்கள். ஜாபிர் சென்று சொன்னார். சொன்னபடியே கொடுக்கப்பட்டது. வாக்கு மனிதரோடு போகவில்லை, பொறுப்போடு நின்றது.

நம் அரசியலமைப்பின் 299ஆம் பிரிவும் இதே அடிப்படையில்தான் நிற்கிறது. மாநில அரசின் ஒப்பந்தம் ஆளுநர் பெயரால் செய்யப்படுகிறது. கையெழுத்திட்டவர் சொந்தப் பொறுப்பாளி அல்ல. கடன் அரசுடையது.

"கஜானாவில் பணமில்லை, ஏழைகளுக்குச் செலவிட வேண்டாமா?" என்பது நியாயமான கேள்வி. நாளைய திட்டத்தை மாற்றலாம். நேற்று முடிந்த வேலைக்கான கூலி நம் பணமே அல்ல, அது பிறர் ஹக்கு. ஒப்பந்தக்காரரின் பில் நின்றால் மேஸ்திரிக்குக் காசு நிற்கும், கடைசியில் சித்தாள் வீட்டில் உலை நிற்கும்.

கடன்பத்திரத்தின் வட்டி தனி விஷயம், அது நமக்கு ஹராம். ஆனால் அதில் முடங்கும் முதல் யாருடையது? அந்தச் சாலை நிறுவனத்தை 1998இல் டிட்கோவுடன் சேர்ந்து தொடங்கிய ஐ.எல். அண்டு எஃப்.எஸ். 2018இல் கடனைக் கட்டமுடியாமல் நின்றது. எல்.ஐ.சி., ஸ்டேட் வங்கி அதன் பங்குதாரர்கள். ஆனால் அதன் கடன்களுக்கு அரசின் உத்தரவாதம் இல்லை. அதில் சிக்கியது தொழிலாளர்களின் வருங்கால வைப்பு நிதிப் பணமும்தான். பெரிய பெயர் வேறு, எழுதிக் கொடுத்த வாக்கு வேறு. குர்ஆனின் மிக நீளமான வசனம் கடனை எழுதி வைப்பதைப் பற்றியது என்பதைச் சிந்தியுங்கள்.

அரசைக் கேட்கும் முன் நம்மைக் கேட்போம். பழைய நிர்வாகக் கமிட்டி கட்டச் சொன்ன சுவருக்கு, புதிய கமிட்டி கொத்தனாரின் கணக்கைத் தீர்த்துவிட்டதா? வாப்பா விட்டுச்சென்ற கடனை மகன் விசாரித்தாரா?

வாக்கைக் காப்பவர்களாக அல்லாஹ் நம்மை ஆக்குவானாக! ஆமீன்.