கேட்பவனின் தர்மம்

புறாவின் பொருட்டுத் தன் தசையை அரிந்து தராசிலிட்ட சிபிச் சக்கரவர்த்தியின் தியாகத்தைப் போற்றிவரும் நாம், அத்தசையைக் கேட்டு நின்ற பருந்தின் தர்மம் யாது என்று விசாரிப்பதில்லை. 1954ஆம் ஆண்டு மார்ச் 26ஆம் தேதி அவ்விசாரணை தவிர்க்கவொண்ணாததாயிற்று.

அன்று அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழக மருத்துவமனையில், இருதயத்தின் கீழறைகளைப் பிரிக்கும் சுவரில் துவாரத்தோடு பிறந்த ஒரு வயதுக் குழந்தையும், யாதொரு பிணியுமற்ற அவன் தந்தையும் அருகருகே மயக்கத்தில் கிடத்தப்பட்டனர். தந்தையின் தொடைத் தமனியிலிருந்து புறப்பட்ட சுத்த இரத்தம், ஆலைகளில் பால் முதலியவற்றைச் செலுத்தப் பயன்படும் பம்பொன்றின் வழியே மகனுள் பாய்ந்தது. மகனின் அசுத்த இரத்தம் தந்தையின் சிரையை அடைந்து அவர் நுரையீரலில் சுத்தி பெற்றது. ஒருவரின் சுவாசம் இருவரைத் தாங்கிய அந்நிமிஷங்களில் டாக்டர் வால்டன் லில்லிஹை துவாரத்தைத் தைத்து மூடினார்.

ஒரு நோயாளிக்காக இரண்டு உயிர்களைப் பணயம் வைப்பதா என்று மருத்துவர் சிலர் கண்டித்தனர். என் ஐயமோ அதனினும் ஆழமானது. மூச்சுத் திணறும் மகவைக் காட்டிக் கேட்கும்போது, பெற்றவருக்கு மறுக்கும் சுதந்திரம் உண்டா? மறுக்கவியலாதவரிடம் பெறுவது தானமாகுமா?

பலனைக்கொண்டும் இதை நிர்ணயித்துவிட முடியாது. துவாரம் அடைபட்டும், 11ஆம் நாள் அக்குழந்தை நிமோனியாவால் மாண்டது. அடுத்த ஆண்டுக்குள் இம்முறையில் சிகிச்சை பெற்ற 45 பேரில் 28 பேர் பிழைத்து வீடு திரும்பினர். உடல் நீலம் பாரிக்கும் நாற்குறை நோய் முதன்முதலாக முற்றும் செப்பனிடப்பட்டதும் இவ்வாறே. இரத்தம் தந்தவர் எவரும் இறக்கவில்லை. எனினும் ஒரு தாய், குழாயினின்று காற்று இரத்தத்தில் கலந்தமையால் மூளை பழுதுற்றார். அவ்வொருத்தியை இருபத்தெட்டுக்கு எதிரே நிறுக்க எனக்கு மனம் வரவில்லை. சிபியும் தன் தசையைத்தானே நிறுத்தான்!

வேறு வழி அடைபட்டிருந்தவரையில் கேட்பதற்கு அனுமதி இருந்தது என்பதே என் துணிபு. அவ்வழியைத் திறக்க உடனிருந்தோரே உழைத்தனர் என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன். 1955இல் லில்லிஹையின் குழுவைச் சேர்ந்த ரிச்சர்ட் டிவால் பிளாஸ்டிக் குழாய்களைக்கொண்டு, இரத்தத்தினூடே பிராணவாயுவைக் குமிழிகளாகச் செலுத்தும் எளிய கருவியொன்றைச் சமைத்தார். சில மாதங்களுக்குள் லில்லிஹை பெற்றோரிடம் கேட்பதை அறவே நிறுத்திக்கொண்டார்.