கல்லில் நிற்பது யார்?

இறந்தவருக்கு நாம் செய்யும் மரியாதை யாரைச் சென்று சேர்கிறது? இறந்தவரையா, இருப்பவரையா? உடலைத் துறந்து சென்றவரின் செவியில் வாழ்த்தொலி விழப்போவதில்லை. மலர் மாலையின் மணத்தை அவர் நுகரப்போவதுமில்லை. ஆயினும் மனிதகுலம் தோன்றிய நாள்முதல், தன் பொருட்டு உயிர் நீத்தவர்களுக்கு அது மரியாதை செய்தே வந்திருக்கிறது. இது அறியாமையா, அன்றி ஆழ்ந்த அறிவா? சிந்திக்கத் தக்க கேள்வி இது.

2021 டிசம்பர் 8-ஆம் தேதி, கோவையை அடுத்த சூலூரிலிருந்து நீலகிரியின் வெலிங்டனை நோக்கிப் புறப்பட்ட விமானப்படை ஹெலிகாப்டர், குன்னூர் அருகே நஞ்சப்பசத்திரத்தில் விழுந்து எரிந்தது. முப்படைகளின் தலைமைத் தளபதி ஜெனரல் பிபின் ராவத், அவருடைய துணைவியார் மதுலிகா உட்பட 13 பேர் அன்றே உயிரிழந்தனர். படுகாயமுற்ற குரூப் கேப்டன் வருண் சிங் ஒரு வாரம் போராடி டிசம்பர் 15-ஆம் தேதி காலமானார்.

அன்று மறைந்தவர்களுள் ஒருவர் லான்ஸ் நாயக் சாய் தேஜா. தளபதியின் மெய்க்காப்பாளர்களில் ஒருவர்; முப்பது வயதையும் எட்டாதவர். அப்போதைய சித்தூர் மாவட்டம், குரபலகோட்டை மண்டலத்திலுள்ள எகுவரேகட என்ற சிற்றூரில் பிறந்தவர். மரபணுச் சோதனையின் மூலமே அவரது உடலை அடையாளம் காண முடிந்தது. டிசம்பர் 12-ஆம் தேதி, பெங்களூரிலிருந்து சாலை வழியாக உடல் ஊர் வந்து சேர்ந்தது. வழிநெடுகிலும் மக்கள் திரண்டு நின்று மலர் தூவினர். முழு ராணுவ மரியாதையுடன் இறுதிச் சடங்கு நடந்தேறியது. வரைபடத்தில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய ஒரு சிற்றூர், தன் மகன் ஒருவனுக்காக அன்று கடல்போல் பெருகியது.

மண்ணின் மரபு

இந்த நிலப்பகுதிக்கு இது புதிதன்று. பாலசமுத்திரம் போன்ற எல்லைப்புற ஊர்களில் தமிழும் தெலுங்கும் அண்டை வீட்டார்போல் பழகி வருகின்றன. தமிழர் 'நடுகல்' என்பதைத் தெலுங்கர் 'வீரகல்லு' என்பர். மதனப்பள்ளி, புங்கனூர்ப் பகுதிகளில் வாணர், வைதும்பர் காலத்து வீரக்கற்கள் பல கிடைத்துள்ளன. தொல்காப்பியம் நடுகல் எழுப்புவதை ஆறு நிலைகளாக வகுக்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து. கல்லைத் தேடிக் காண்பதில் தொடங்கி, கொணர்ந்து, நீராட்டி, நட்டு, படையலிட்ட பின்னரே வாழ்த்து வருகிறது. நம் முன்னோர் வாய்ச்சொல்லை இறுதியில்தான் வைத்தனர். உழைப்பை முதலில் வைத்தனர்.

திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உள்ளது. அதில் வீரனுடன் ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. 'கோவிவன்' என்ற அதன் பெயரும் கல்வெட்டில் பொறிக்கப்பட்டுள்ளது. அரசர்களின் பெயர்களே அழிந்துபோன உலகில், காவல் காத்த ஒரு நாயின் பெயர் 1400 ஆண்டுகளாக நிற்கிறது! அந்த ஊரார் போற்றியது வெற்றியை அன்று, காவலை.

விபத்தில் இறந்தவர் வீரரா?

இங்கே ஓர் ஐயம் எழலாம். சாய் தேஜா போர்க்களத்தில் மடியவில்லை; எதிரி எவனும் அவரைச் சுடவில்லை. திடீரென மாறிய வானிலையால் ஹெலிகாப்டர் மேகத்துள் புகுந்ததும், அதனால் விமானிக்குத் திசையுணர்வு தடுமாறியதுமே விபத்துக்குக் காரணம் என்று விமானப்படை 2022 ஜனவரியில் அறிவித்தது. அப்படியானால் அவருக்கு வீரர் என்ற பெயர் பொருந்துமா?

கீதையின் கர்மயோகம் இதற்கு விடை தருகிறது. செயல் நம்முடையது, அதன் பலன் நம் கையில் இல்லை. வெற்றியும் தோல்வியும் பலன்கள் என்றால், மரணம் எந்த வடிவில் வருகிறது என்பதும் பலனே அல்லவா? குண்டு வந்ததா, மேகம் வந்ததா என்பதை அவர் தேர்ந்தெடுக்கவில்லை. 'இன்னொருவருக்கு வரும் ஆபத்து முதலில் என்மீது வரட்டும்' என்ற நிலையில் நிற்பதை மட்டுமே அவர் தேர்ந்தெடுத்தார். மெய்க்காப்பாளரின் பணி முழுவதும் இந்த ஒரு வாக்கியத்துள் அடங்கிவிடும். அவருடைய அர்ப்பணம் குன்னூரில் நிகழ்ந்ததன்று. சீருடை அணிந்த நாளில் நிகழ்ந்தது. குன்னூர் அதை நமக்குக் காட்டியது, அவ்வளவே.

அர்ப்பணமே அளவுகோல் எனில், அது சீருடையோடு நின்றுவிடுமா என்ற கேள்வியும் உடன் எழும். மழையில் மின்கம்பம் ஏறி இறப்பவர், பிறர் கழிவை அகற்றச் சாக்கடைக்குள் இறங்கி மூச்சடைத்து மாள்பவர், எரியும் கட்டடத்துள் நுழையும் தீயணைப்பு வீரர் ஆகியோருக்கு எந்த ஊர் திரண்டு நிற்கிறது? இந்தக் கேள்வி நியாயமானது. ஆனால் இது ராணுவ வீரருக்குச் செய்யும் மரியாதையைக் குறைக்கும் வாதம் அன்று. நம் மரியாதையின் எல்லையை விரிக்கச் சொல்லும் வாதம்.

கடன் யாருக்கு?

மதிப்பு என்பது பெறுபவரைவிடத் தருபவரையே அதிகம் சார்ந்தது என்றார் அரிஸ்டாட்டில். ஆகவே அதை மனித வாழ்வின் உயர்ந்த நன்மையாக அவர் ஏற்கவில்லை. வேதாந்தமும் வேறொரு வழியில் இதே இடத்திற்கு வருகிறது. ஆன்மா எதனாலும் குறையாதது, எதனாலும் கூடாதது. நம் மாலை அதற்குத் தேவையில்லை. எனில், மாலை யாருக்குத் தேவை? நமக்குத்தான்.

மனிதன் தேவர்களுக்கும் ரிஷிகளுக்கும் முன்னோர்க்கும் மட்டுமல்லாமல், சக மனிதர்களுக்கும் கடன்பட்டே பிறக்கிறான் என்று சதபத பிராம்மணம் கூறுகிறது. இறந்தவர் தந்த கடனை அவரிடமே திருப்பித் தர இயலாது. அவர் யாருக்காக வாழ்ந்தாரோ அவர்களிடமே அதை அடைக்க வேண்டும். ஒருவரை மதிக்கும்போது நாம் எதை மேலானதாகக் கருதுகிறோம் என்பதை நமக்கே உரைத்துக்கொள்கிறோம். பின்னர் அச்சொல்லுக்கேற்ப வாழக் கடமைப்படுகிறோம். ஊரார் எழுப்பும் கல்லில் இறந்தவர் மட்டும் நிற்பதில்லை. ஊரார் கொடுத்த வாக்கும் நிற்கிறது.

மரியாதை பொய்க்கும் இடங்கள்

மரியாதை மூன்று வகையில் பொய்த்துப்போகக் கூடும்.

முதலாவது, அது ஒருநாள் விழாவாக முடிந்துபோவது. பண்டைய ஏதென்ஸில் போரில் இறந்தோர்க்காகப் பெரிக்ளீஸ் ஆற்றிய உரை புகழ்பெற்றது. அவர் புகழ்மொழியோடு நிறுத்தவில்லை. இறந்தோரின் பிள்ளைகள் வளர்ந்து ஆளாகும் வரை நகரமே தன் செலவில் அவர்களைக் காக்கும் என்று சொல்லி முடித்தார். மலர் மூன்றாம் நாள் வாடும். குழந்தையின் படிப்போ பதினைந்து ஆண்டுகள் தொடரும். உதவித்தொகை வழங்குவது அரசின் கடமை. அந்த வீட்டு முதியவருக்காக ஓர் அலுவலகத்தில் வரிசையில் நிற்பது, மழை பெய்ததும் அவர்கள் நிலத்திற்கு ஏர் அனுப்புவது, பண்டிகை நாளில் அந்த வாசலை மறவாதிருப்பது ஆகியவை ஊராரின் கடமை.

இரண்டாவது, உண்மையை மாற்றிச் சொல்வது. குருக்ஷேத்திரப் போர் முடிந்து தர்ப்பணம் செய்யும் நேரத்தில்தான், கர்ணனுக்கும் நீர் வார்க்கும்படி கூறி, அவன் தன் மகன் என்ற உண்மையைக் குந்தி வெளியிடுகிறாள். அவளால் ஆயுள் முழுவதும் மறைக்க முடிந்தது. இறந்தவனுக்கு நீர் வார்க்கும் வேளையில் மறைக்க முடியவில்லை. பொய் கலந்த நீர் தர்ப்பணம் ஆகாது. விபத்தைப் போராக மாற்றி நாளை ஒரு குழந்தைக்குக் கதை சொல்ல வேண்டியதில்லை. 'உன் தந்தை காவல் நின்றார். காவல் நிற்கையில் இறந்தார்' என்ற உண்மையே போதுமானது.

மூன்றாவது மிக நுட்பமானது, நல்லெண்ணத்தோடு செய்யப்படுவது. 'வீரனைப் பெற்றவள் அழலாமா?' என்று தாயிடம் சொல்கிறோம். ஊருக்குப் பெருமை தேவைப்படுகிறது. அதற்காக அவளது கண்ணீரை நிறுத்தச் சொல்கிறோம். இது மரியாதை அன்று. அவள் ஏற்கெனவே மகனைத் தந்துவிட்டாள். துயரத்தையும் அவளிடமிருந்து பறிக்க நமக்கு உரிமையில்லை. அவள் அழும்போது அருகில் பேசாது அமர்ந்திருப்பதே உண்மையான மரியாதை.

பெயர் அறியாமல் செய்த மரியாதை

நஞ்சப்பசத்திரத்தின் எளிய மக்கள் அன்று செய்ததை நாம் நினைத்துப் பார்க்க வேண்டும். எரியும் ஹெலிகாப்டரில் இருப்பவர் தளபதியா, சிப்பாயா என்பது அவர்களுக்குத் தெரியாது. தீயைத் தணிக்கத் தண்ணீரும், காயமுற்றவர்களைத் தூக்கத் தங்கள் வீட்டுக் கம்பளிகளும் எடுத்துக்கொண்டு ஓடினார்கள். நீலகிரியின் டிசம்பர்க் குளிரில் ஏழை வீட்டுக் கம்பளியின் மதிப்பு அங்கு வாழ்பவர்க்கே தெரியும். சில நாட்களில் ராணுவ அதிகாரிகள் அங்கு சென்று நன்றி கூறினர். அவ்வூரை ஓராண்டுக்குத் தத்தெடுத்து, மாதந்தோறும் மருத்துவரை அனுப்புவதாகவும் அறிவித்தனர். கம்பளி தந்தவர்களுக்குக் கம்பளிகள் வழங்கப்பட்டன.

பெயர் தெரிந்து செய்வது மரியாதை; பெயர் தெரியாதபோதும் செய்வது தர்மம். முன்னது பின்னதாகக் கனிய வேண்டும். நம் ஊரில் யாருக்கேனும் நினைவுத்தூண் எழுப்பும்போது, கல்லில் அவர் பெயரைப் பொறிப்போம். கூடவே, அவர் விட்டுச்சென்ற வேலைகளில் எது இன்று நம்முடையது என்றும் கேட்டுக்கொள்வோம். அந்த வேலையை யாரேனும் ஒருவர் ஏற்றுக்கொள்ளும் நாளில்தான் அந்தக் கல் நடப்படுகிறது.