சின்னஞ்சிறு செல்வம்

1959-ஆம் ஆண்டின் காடிலாக் கார் ஏறத்தாழ 5.7 மீட்டர் நீளம் உடையது. அதன் பின்புறத்தில் மீனின் துடுப்புகளைப் போல் இரண்டு தகடுகள் உயர்ந்து நிற்கும். அதனை இருபத்தைந்தில் ஒரு பங்காகச் சுருக்கினால் ஏறக்குறைய 23 சென்டிமீட்டர். மேசை மேல் அடங்கிவிடும். அமெரிக்காவில் இத்தகைய பழங்கார்களின் மாதிரிகளைத் தேடிச் சேர்த்து, தொழிற்சாலை பூசிய வண்ணத்தைக் களைந்து, தம் மனத்திற்கு உகந்த வண்ணத்தைப் பூசிக் கண்ணாடிப் பேழையில் வைத்துப் போற்றுவோர் பலர். அவர்களை எண்ணும்போது நம்முள் ஒரு வினா எழுகிறது: பொருள் சிறிதானால் பொருளாசையும் சிறிதாகிவிடுமா?

ஆகும் என்று விடை கூறத் தோன்றும். ஆனால் புனித சிலுவை அருளப்பர் அவ்வாறு கருதவில்லை. பறவையைக் கட்டியிருப்பது மெல்லிய நூலா, தடித்த கயிறா என்பது பொருட்டன்று. அறுபடாத வரை அது பறக்காது என்பது அவர் கருத்து. ஓர் ஆடை, ஒரு நூல், ஓர் அறை ஆகியவற்றின் மீதுள்ள பற்றையும் அவர் அந்த நூலிழையில் சேர்க்கிறார். எனவே அளவைக் காட்டித் தப்பிக்க வழியில்லை.

ஆயினும் அவர்களுடைய வேலை மேசையைச் சற்று உற்றுநோக்குவோம். மெய்யான காருக்கு அடிக்கும் மினுமினுப்புப் பூச்சை மாதிரிக்கு அடித்தால், அதிலுள்ள உலோகத் துகள்கள் காசுகளைப் போல் பெரிதாகத் தெரியும். காரைச் சுருக்கலாம், வண்ணத்தைச் சுருக்குவது எளிதன்று. ஆகவே மிக நுண்ணிய துகள் கொண்ட வண்ணத்தைத் தேடி, அடிப்பூச்சு இட்டு, மெலிதாக ஒரு படலம் பூசி, உலரும் வரை காத்திருந்து, நீர் தொட்டு நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்து, மறுபடியும் பூசுகின்றனர். ஒரு தூசி ஒட்டினால் மீண்டும் தேய்க்க வேண்டியதுதான். எவர் கண்ணும் படாத அடிப்பாகத்திற்கும் உரிய நிறம் தீட்டுவோர் உண்டு. இத்தகைய பொறுமையைப் பேராசை என்ற ஒரே சொல்லில் அடக்க நமக்கு மனம் வரவில்லை.

இன்னொன்றும் உண்டு. 1948-இல் தொடங்கிய ஏ.எம்.டி. நிறுவனம் கார் விற்பனையாளர்களுக்கென்றே மாதிரிகளைச் செய்தது. அவ்வாண்டுக் காரின் வடிவையும் நிறத்தையும் அவை எடுத்துக்காட்டின. ஆண்டுதோறும் புதிய உருவம் காட்டி, சென்ற ஆண்டின் கார் மீது உரிமையாளருக்கே சலிப்பு உண்டாக்குவது ஜெனரல் மோட்டார்ஸ் வளர்த்த வணிக முறை. அந்தச் சலிப்பின் தூதனாகப் பிறந்ததே இந்தப் பொம்மை. அறுபது, எழுபது ஆண்டுகள் கழித்து ஒரு முதியவர் அதே 1957 செவ்ரோலேயை, தம் தந்தை ஓட்டிய காரின் நீல நிறத்தில் தீட்டிக்கொண்டிருந்தால், கைவிடப்படுவதற்காகவே செய்யப்பட்ட ஒன்றை அவர் கைவிட மறுக்கிறார் அன்றோ! சந்தைக்கு இது மடமை. பெட்டி பிரிக்கப்படாத பழைய மாதிரிக்கே அங்கு மதிப்பு. வண்ணம் மாற்றினால் விலை வீழும். தாலந்தை மண்ணில் புதைத்த ஊழியனின் நினைவு நமக்கு வருவது, பெட்டியைப் பிரிக்காதவரைக் காணும்போதுதான்.

அதற்காக வண்ணம் தீட்டுபவரை முற்றிலும் விடுவித்துவிடவும் இயலாது. ஒன்று பத்தாகி, பத்து நூறாகி, பிறரிடம் கூலி கொடுத்துத் தீட்டச் சொல்லி அடுக்கும்போது தந்தையின் நினைவு எங்கே நிற்கிறது? திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1991-இல் எழுதிய 'சென்டெசிமுஸ் ஆனுஸ்' சுற்றுமடலில், நன்றாக வாழ விரும்புவதைக் குறை கூறவில்லை; இருப்பதைக் காட்டிலும் வைத்திருப்பதையே நாடும் வாழ்வைத்தான் கண்டித்தார். அந்த எல்லைக்கோடு அலமாரியில் எந்தத் தட்டில் வரையப்பட்டிருக்கிறது என்பதை வெளியிலிருந்து எவரும் கூற முடியாது. தந்தையின் காரில் கதவோரம் நசுங்கி இருந்திருக்கலாம்; மாதிரியில் அது இல்லை. துருவையும் புழுதியையும் வேண்டுமென்றே தீட்டுவோரும் உளர். அவர்களே நினைவுக்கு அதிக உண்மையுடையோர் என்பது நம் எண்ணம்.

கிறிஸ்மஸ் குடிலின் சுரூபங்களைக் குழந்தைகள் தொட்டால் அதட்டுகிற நமக்கு, இவர்களைத் தீர்ப்பிடும் தகுதி குறைவுதான். ஆகவே ஒன்றை மட்டும் கேட்டறிய விரும்புகிறோம். அந்தக் கண்ணாடிப் பேழையின் சாவி எங்கே இருக்கிறது என்று அவருடைய ஐந்து வயதுப் பேரனுக்குத் தெரியுமா?