ஆணியும் கட்டும்

40 மீட்டர் அலைவரிசையில் பேச விழையும் வானொலி ஆர்வலருக்கு ஏறத்தாழ 20 மீட்டர் நீள ஏரியல் கம்பி வேண்டும். அதை உயரத்தில் தாங்க இரண்டு நெடுமரங்கள் கிடைத்தால் கோபுரச் செலவு மிச்சம். 1919ஆம் ஆண்டில் அமெரிக்க இராணுவத் தளபதி ஜார்ஜ் ஸ்குவையர், உயிருள்ள மரத்தில் ஆணி அறைந்து, அம்மரத்தையே அலைவாங்கியாக்கிக் காட்டினார்.

ஆணி அறைதல் கொடுமை, கட்டுதல் கருணை என்று மனம் எளிதில் தீர்ப்பளித்துவிடுகிறது. ஆனால், ஓர் ஆணியின் புண்ணை மரம் சுற்றி வளர்ந்து மூடிக்கொள்ளும். அடிமரத்தை இறுகச் சுற்றிய கம்பியோ, மரம் பருக்கப் பருக்கப் பட்டையுள் புதைந்து, இலை சமைத்த உணவு வேருக்கு இறங்கும் வழியை நெரித்துவிடும். நோக்கத்தின் மென்மை செயலின் தீங்கைக் கழுவுமா? கழுவாது. ஆண்டுதோறும் ஏறிக் கட்டைத் தளர்த்துபவனுக்கே அங்குக் கட்டும் உரிமை உண்டு. காற்றில் மரம் ஆட இடங்கொடுத்துக் கப்பியில் எடை தொங்கவிடுபவனும், தன் கம்பி அறாதிருக்கவே அதைச் செய்கிறான். கிளைக்கும் அது நன்மையாய் முடிவது வேறு.