ஒடுக்கமும் இழப்பும்

சுருக்கப்படாத ஒலிக்கோப்பு என்பது ஒலியலையின் ஏற்ற இறக்கங்களை எண்களாக எழுதிவைத்த வரிசை. குறுந்தகட்டுத் தரத்தில் அலை நொடிக்கு 44,100 முறை அளக்கப்படுகிறது. ஒவ்வோர் அளவும் 16 பிட்டில் பதிவாகிறது. இருதட ஒலியாகப் பதிந்த ஒரு மணி நேரத் தேவார ஓதல் ‘வேவ்’ கோப்பாக ஏறக்குறைய 635 மெகாபைட் இடம் பிடிக்கும். இதைச் சுருக்கத் திறமூல வடிவங்களில் இரு வழிகள் உண்டு. 2001இல் முதல் நிலையான பதிப்பு வெளிவந்த ஃபிளாக், ஓர் எண்ணையும் விடாமல் கோப்பைப் பெரும்பாலும் பாதியளவுக்குக் குறைக்கும். 2002இல் வந்த ஆக் வோர்பிஸ், நொடிக்கு 160 கிலோபிட் வேகத்தில் அதே பதிவை 72 மெகாபைட்டுக்குள் அடக்கும். அதற்காகக் காதுக்கு எட்டாது என்று கணித்தவற்றை விலக்கிவிடும். இரண்டிலும் பதிகம் கேட்கிறது. இரண்டிலும் இருப்பது அதே பதிகம்தானா என்பது தத்துவத்தின் கேள்வி.

சைவ சித்தாந்தம் சற்காரியவாதத்தை ஏற்கிறது. உள்ளதே தோன்றும், இல்லாதது ஒருபோதும் தோன்றாது என்பது அதன் அடிப்படை. உலகம் மறைவது அழிவல்ல. மாயையில் நுண்மையாக ஒடுங்குவதே. ஒடுங்கியதே மீண்டும் தோன்றுகிறது. நியாய வைசேடிகர் இதை மறுத்து, காரியம் முன்பு இல்லாமல் புதிதாய்ப் பிறக்கிறது என்பர்.

ஃபிளாக் செய்வது ஒடுக்கம். முன் வந்த எண்களைக் கொண்டு அடுத்த எண் எதுவாக இருக்கும் என்று அது கணிக்கிறது. கணிப்புக்கும் உண்மைக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் குறுகிய குறியீடாக எழுதிவைக்கிறது. விரிக்கும்போது கணிப்பும் வேறுபாடும் சேர்ந்து பழைய எண் அப்படியே திரும்புகிறது. மூல ஒலியின் சரிபார்ப்புக் குறி கோப்பின் தலைப்பிலேயே இருப்பதால், திரும்பியது அதுதானா என்று சோதித்தும் அறியலாம்.

வோர்பிஸ் செய்வது வேறு. ஓதுவாரின் குரல் உரத்து எழும்போது, அதற்குச் சற்றுமுன் தட்டிய குழித்தாளத்தின் தேய்ந்துவரும் அதிர்வு குரலுக்கு அடியில் மறைந்துபோகிறது. கேட்பவர் அதை உணர்வதில்லை என்பதால் வோர்பிஸ் அதைப் பருவெட்டாக எழுதுகிறது, அல்லது விட்டுவிடுகிறது. பின்னர் அந்தக் கோப்பை ‘வேவ்’ ஆக மாற்றினால் 635 மெகாபைட் அளவு திரும்பும். போன அதிர்வு திரும்பாது. இல்லாதது தோன்றாது என்ற விதி இங்கே கண்கூடு.

மூலம் எனப்படும் ‘வேவ்’ கோப்பும் பாடலின் முழுமையன்று. 44,100 அளவுகளால் 22,050 ஹெர்ட்சுக்கு மேற்பட்ட அதிர்வுகளைக் காட்ட முடியாது. சித்தாந்தம் வாக்கைச் சூக்குமை, பைசந்தி, மத்திமை, வைகரி என நான்காக வகுக்கிறது. ஒலிவாங்கி தொடுவது செவிக்குக் கேட்கும் வைகரியை மட்டுமே. ஆகவே எந்தக் கோப்பும் வழிபாடாகிவிடாது. வழிபாட்டின் ஒரு படியை அடுத்தவரிடம் சேர்ப்பதே அதன் பணி.

அந்தப் பணியின் அருமையைத் தேவாரத்தின் வரலாறே சொல்லும். தில்லையில் பூட்டிக் கிடந்த ஏடுகளில் செல்லரித்தவை போக எஞ்சியவற்றையே சோழ மன்னனும் நம்பியாண்டார் நம்பியும் மீட்டனர் என்பது மரபு. ஏட்டில் சொல் இருந்தது, பண் இல்லை. எருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் வழிவந்த ஒரு பெண்ணிடமிருந்தே பண் பெறப்பட்டது. எழுத்து விட்டதை உயிருள்ள மரபு தந்தது. அந்த மரபும் அற்றிருந்தால் தர ஒருவரும் இல்லை.

இன்று ஓதலைப் பதிவு செய்பவருக்கும் இதே பொறுப்பு உண்டு. எடுத்துக்காட்டாக, செங்கல்பட்டு வட்டாரத்தில் தேவார மூவர் பாடல் பெற்ற திருக்கழுக்குன்றமும், சுந்தரர் பாடிய திருக்கச்சூரும் உள்ளன. கூடுவாஞ்சேரியை ஒட்டிய நந்திவரத்தில் நந்தீசுவரர் கோயில் இருக்கிறது. இத்தகைய ஊர்களில் எடுக்கும் பதிவில் ஓதுவாரின் குரலோடு கோயில் மணியும் கலக்கும். தாம்பரம்–செங்கல்பட்டுப் பாதையில் போகும் ரயிலின் ஊதலும் கலக்கலாம். இவற்றுள் எது வழிபாட்டின் பகுதி, எது இரைச்சல் என்பதை முடிவு செய்ய வேண்டியவர் கேட்டறிந்தவர். வோர்பிஸ் அந்த முடிவைச் சராசரிச் செவியின் கணக்கைக் கொண்டு முன்னதாகவே எடுத்துவிடுகிறது. பதிகம் மனிதச் செவிக்காக மட்டும் பாடப்படுவதும் அன்று. இறைவன் திருமுன் வைக்கப்படும் காணிக்கை அது. அதில் தேவையற்றது எது என்று தீர்மானிக்கும் உரிமை சுருக்குபவருக்கு இல்லை. நாளை ஒரு மாணவர் தாளத்தின் அந்தத் தேய்வையே தேடி வரக்கூடும்.

எனவே பேணிவைப்பதற்கு ஃபிளாக், கைப்பேசியில் அன்றாடம் கேட்பதற்கு அதிலிருந்து எடுத்த வோர்பிஸ் படி என்பதே முறை. ஒடுங்கியதை விரிக்கும் வழியும் மறையாதிருக்க வேண்டும். ஃபிளாக்கின் இலக்கணம் யாரும் படிக்கும்படி வெளியிடப்பட்டது. 2024இல் இணையத் தரநிலையாகவும் ஆனது. ஒரு நிறுவனம் மூடினாலும் அந்த இலக்கணத்தைக் கற்றவர் எவரும் கோப்பைத் திறக்கலாம். ஒடுக்கம் இழப்பாகாமல் இருக்க, எண்கள் முழுமையாக இருப்பதும் அவற்றை விரிக்கும் அறிவு பொதுவில் இருப்பதும் ஒருசேர வேண்டும்.